அப்ரைசல் அறையில் பேசிய தமிழ்

எங்கள் ஆபீசில் வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் மட்டமான வேலைக்காரர் ஆகியே தீர வேண்டும். வேலை நிஜமாகவே மட்டமாக இருந்ததா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒருவருக்காவது ஐந்துக்கு இரண்டு என்று மார்க் போட்டிருந்தால்தான் மேலிடம் அந்த செக்‌ஷனின் மார்க்கை ஏற்றுக்கொள்ளும். எல்லோரும் நன்றாகத்தான் வேலை செய்தார்கள் என்று எழுதி அனுப்பினால், சரியாகப் பார்த்து எழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஆறு பேருமே ஒழுங்காக வேலை செய்ய முடியும் என்பதை நம்ப அவர்கள் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஒரே ஆளுக்கு அந்த இரண்டு விழுந்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தச் சடங்குக்குப் பெயர் அப்ரைசல்.

ஆபீஸ் செம்பூரில் இருந்தது. கப்பலில் வந்து இறங்குகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் காட்ட வேண்டிய காகிதங்களைத் தயார் செய்கிற வேலை. நான் தாராவியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. ஆர்டர் வந்தால் சம்பளம், வராவிட்டால் டீயும் அரட்டையும். ஆகவே மாதம் பிறந்தால் தவறாமல் வருகிற சம்பளம் எங்கள் வீட்டில் என்னுடையது ஒன்றுதான். வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் அதை நம்பித்தான் நின்றன. நாற்பதை நெருங்குகிற, மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்த ஒரு பெண்ணுக்காக மும்பையில் எந்த ஆபீசும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் மேனேஜர் மாட்டுங்காக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்து, பாங்கிலும் ரயில்வேயிலும் உட்கார்ந்து, மூன்று தலைமுறையாக இங்கிலீஷ் டைப் அடித்த குடும்பம். என் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் இறங்கிக் கைக்குக் கிடைத்ததைச் செய்த குடும்பம். இரண்டு பேர் பேசுவதும் தமிழ் என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய ஒட்டு உறவு கிடையாது. அவர் தமிழில் ‘நோக்கு’ம் ‘நேக்கு’ம் நடமாடும், என் தமிழை நான் ஆபீஸ் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஆனாலும் சுற்றிலும் இந்தியும் மராட்டியும் கேட்கிற இடத்தில் அந்த அளவே சொந்தக்காரர் ஆகப் போதும். செக்‌ஷனில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். என் மகள் எட்டாவது படிக்கிறாள் என்று தெரிந்தும் அவர் என்னைக் ‘கொழந்தே’ என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டிருந்தது. எல்லோர் முன்னாலும் பேசுகிறபோது இங்கிலீஷ். மெயில் என்றால் இங்கிலீஷ். திட்டுவதும் இங்கிலீஷ். அப்புறம் டீ மெஷின் பக்கத்தில் வந்து நின்று, மெல்லிய குரலில், “மனசுல வெச்சுக்காதே, அதெல்லாம் ஊருக்குச் சொல்றது” என்பார் தமிழில். இங்கிலீஷ் வேஷம், தமிழ் நிஜம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகவே எடுத்துக்கொண்டதுதான். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைப்போம். வெளியே ஆயிரம் பாஷையில் பொய் சொல்லலாம், வீட்டு பாஷையில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை எங்களைத் தவிர வேறு யாரும் செய்வார்களா என்று தெரியவில்லை.

முதல் வருஷம் அப்ரைசலுக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தவரை இங்கிலீஷில் என் குறைகளை வாசித்தார். வேகம் போதாது, பொறுப்பெடுக்கும் குணம் போதாது, முன்முயற்சி போதாது. எல்லாமே போதாது. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஆபீஸ் பையனை அனுப்பி வாங்கி வைத்திருந்த அரை கிளாஸ் கட்டிங் சாயை என் பக்கம் நகர்த்தினார்.

“இதோ பாரு கொழந்தே, இப்போ வாசிச்சதெல்லாம் ஃபைலுக்கு. நான் சொல்றதக் கேளு. யாருக்காவது ரெண்டு போட்டே ஆகணும். மூலையில உக்காந்துண்டிருக்கானே, அவனுக்குப் போட்டா கட்சி ஆபீஸ்லேர்ந்து நாலு பேர் வருவான். அந்தப் பொண்ணுக்குப் போட்டா முதலாளி ஆத்துலேர்ந்து ஃபோன் வரும். புதுசா வந்திருக்கற பையன் மேலிடத்துச் சிபாரிசு. யாருக்குப் போட்டாலும் சண்டை. நோக்குப் போட்டா நீ ஒருத்திதான் புரிஞ்சுப்பே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“நாலு போட வேண்டிய வேலைதான் நீ பண்ணியிருக்கே. நேக்குத் தெரியாதா? ஆனா நாலு போட்டா, மதராசி மதராசிக்குப் போட்டுட்டான்னு பேசுவா. ஒரு வருஷம் பொறுத்துக்கோ. அடுத்த தடவை நான் பாத்துக்கறேன், கேட்டயா?”

“சரி சார், நீங்க பாத்துச் செய்யுங்க” என்றேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. என் தலையில் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார், நான் கிரீடம் வைத்த மாதிரி வெளியே வந்தேன். ஐந்து பேருக்குத் தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும், ஐந்து பேரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொன்னார், நான் அவருக்கு நெருக்கமானவள் என்று ஒரு மிதப்பு. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. மற்ற ஐந்து பேரும் இனிப்பு வாங்கி வந்து கொடுத்தார்கள். அதையும் வாங்கித் தின்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “எழுதி வாங்குனியாட்டி?” என்றுதான்.

“எழுதி வாங்குததுக்கு அவரு என்ன வட்டிக்கடைக்காரரா? நம்ம ஆளு.”

“நம்ம ஆளுன்னா நாலுல்லா போட்டிருக்கணும்?”

பட்டறையில் இரும்போடு இருக்கிறவருக்கு ஆபீஸ் நெளிவு சுளிவு என்ன தெரியும் என்று நினைத்து, தட்டில் சோறு போட்டு அவர் வாயை அடைத்தேன்.

அடுத்த வருஷம் முழுக்க நான் இந்த நாடகத்துக்கு ஒத்துழைத்தேன். ஒத்துழைத்தேன் என்பதுகூடச் சின்ன வார்த்தை. மேலிடத்துச் சிபாரிசில் வந்த பையன் ஒரு தடவை சரக்கின் எடையை மாற்றிப் போட்டு, கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றுவிட்டது. மேனேஜர் அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு இங்கிலீஷில் மெயில் போட்டார், மேலே இருக்கிற எல்லோருக்கும் நகல் வைத்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரை மணிக்குள் என் மேஜைக்கு வந்துவிட்டார்.

“அவன் பேரைச் சொன்னா மேல இருக்கறவா என்மேல பாய்வா. நீ ‘சாரி, இனிமே கவனமா இருக்கேன்’னு ஒரே ஒரு வரி ரிப்ளை போட்டுடு. விஷயம் முடிஞ்சுடும். நேக்குத் தெரியாதா யார் பண்ணினதுன்னு?”

போட்டேன். அதற்குப் பிறகு இதுவே பழக்கமாகிவிட்டது. யார் எதைக் கெடுத்தாலும் மெயில் எனக்கு வரும். பின்னாலேயே அவர் வந்து தமிழில் இரண்டு நல்ல வார்த்தை சொல்வார். நான் சாரி போடுவேன். சில சமயம் அவர் வருவதற்கு முன்பே போட்டுவிடுவேன், அவ்வளவு கெட்டிக்காரி. மூலை மேஜை மராட்டிக்காரர் ஒரு நாள், “உன் தப்பு இல்லாததுக்கு ஏன் எழுதிக் கொடுக்கிறாய்?” என்று இந்தியில் கேட்டார். கட்சி ஆபீசில் ஆள் இருக்கிற அதே மனிதர்தான். எங்களுக்குள் இருக்கிற ஏற்பாடு இவருக்கு எங்கே புரியப் போகிறது என்று சிரித்துக்கொண்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காகவே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாவது வருஷ அப்ரைசலில் அறைக்குள் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாவதில் எச்.ஆர். பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மராட்டிப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். மேனேஜர் வாசிக்க ஆரம்பித்தார். தேதி சொல்லி, சரக்கு சொல்லி, மெயில் சொல்லி, ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றின் முடிவிலும் நான் போட்ட சாரியையும் சேர்த்து வாசித்தார். போன வருஷமும் இரண்டு, இந்த வருஷமும் இரண்டு என்று முடித்தார்.

எச்.ஆர். பெண் என்னைப் பார்த்து இந்தியில் கேட்டாள். “இதில் எதையாவது மறுக்கிறீர்களா? ஏதாவது சொல்ல வேண்டுமா?”

சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கன்டெய்னரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். அப்போது மேனேஜர் என் பக்கம் திரும்பி, முகத்தில் அதே அப்பா மாதிரிச் சிரிப்போடு, தமிழில் சொன்னார்:

“இப்போ வாயைத் திறக்காதே, கொழந்தே. இவ முன்னாடி நீ ஒண்ணு பேசி நான் ஒண்ணு பேசினா காரியம் கெட்டுடும். சரின்னு சொல்லிட்டுப் போ. சாயங்காலம் மேல பேசி நான் மாத்திடறேன்.”

“என்ன சொல்கிறார்?” என்று அவள் கேட்டாள்.

“தைரியம் சொல்றேன். பாவம், மனசு உடைஞ்சு போயிருக்கு” என்று அவளுக்கு இந்தியில் பதில் சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல எதுவும் இல்லை என்று தலையாட்டினேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ஏற்றுக்கொள்கிறேன் என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். எந்தக் கையால் சாப்பிடுகிறேனோ அந்தக் கையால்தான்.

சாயங்காலம் வந்தது, அவர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. வாரக் கடைசியில் எச்.ஆரிலிருந்து மெயில் வந்தது: இந்த மாதக் கடைசியோடு விடை பெறலாம். நான் நேராக அவர் அறைக்குப் போய் நானே கதவைச் சாத்தினேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

“சார், நீங்க மேல பேசி மாத்திடறேன்னு சொன்னீங்களே. மாத்தலியா?”

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், இங்கிலீஷில், எல்லாம் உங்களிடம் விவாதிக்கப்பட்டு நீங்கள் ஒப்புக்கொண்ட விஷயம்தான், மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் எச்.ஆரை அணுகலாம் என்றார். ஒருமையில் கூப்பிட்டவர் ‘மேடம்’ என்றார். நான் மறுபடியும் தமிழில் கேட்டேன். அவர் மறுபடியும் இங்கிலீஷில் சொன்னார். கதவு சாத்தியிருந்தும் அவர் என்னோடு இங்கிலீஷில் பேசியது அன்றைக்குத்தான். வேலை போனதை மெயிலில் படித்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

எச்.ஆர். பெண்ணிடம் போனேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள், கெட்டவள் இல்லை. “அவர் தமிழில் என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும், மேடம்? என்னிடம் இருப்பது நீங்கள் போட்ட மெயில்கள். எல்லாவற்றிலும் நீங்களே உங்கள் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் முன்னால்தான் சரி என்று அழுத்தினீர்கள்” என்றாள். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவள் போல, “உங்கள் இடத்தில் உங்களுக்கு முன்னால் இருந்த பெண்ணும் இதையேதான் சொன்னாளாம். அவளும் மதராசிதான்” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

கடைசி நாளில் எனக்குக் கேக் வெட்டினார்கள். வேலை சரியில்லை என்று துரத்தப்படுகிறவளுக்குக் கேக். மேனேஜர் இங்கிலீஷில் ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தார். என்னை மாதிரி உழைப்பாளியைப் பார்ப்பது அரிதாம், செக்‌ஷன் ஒரு பொக்கிஷத்தை இழக்கிறதாம். எல்லோரும் கை தட்டினார்கள். மராட்டிக்காரர் மட்டும் தட்டவில்லை. என் பக்கத்தில் வந்து, “கேட்டேனே அன்றைக்கு” என்றார்.  கேக்கை டிஷ்யூவில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஏறி இறங்கிய ஆபீஸ்களைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது. போகிற இடத்திலெல்லாம் பழைய ஆபீசுக்கு ஃபோன் போட்டு விசாரிப்பார்கள். அங்கே ஒரே பதில்தான் தயாராக இருக்கும், வேலை போதாமல் அனுப்பப்பட்டவர் என்று. சயானில் ஒரு டாக்ஸ் கன்சல்டன்ட் யாரையும் விசாரிக்காத ஆள். அவரிடம் அரை நாள் வேலை கிடைத்தது. மகளைப் பிரைவேட் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டோம். வீட்டுக்காரர் ஒரு தடவைகூட, நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஃபோன் வந்தது. சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மும்பைக்கு வெளியே இருக்கிற கல்யாண் ஊரிலிருந்து என் நாத்தனார் மகள் வந்திருந்தாள், பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அவள்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

“கொழந்தே, சௌக்கியமா? ஆத்துல எல்லாரும் எப்படி இருக்கா?” தமிழ் திரும்பி வந்திருந்தது. நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. “ஒரு சின்ன உபகாரம் வேணும். உன் எடத்துக்கு இன்னும் ஆள் போடலை. மார்ச்சுக்குள்ள போட்டாகணும். பி.காம். முடிச்ச பொண்ணு யாராவது உன் பக்கத்துல இருக்காளா? நம்ம மனுஷாளா இருந்தா நன்னாயிருக்கும்.”

நாத்தனார் மகளின் கண் விரிந்துவிட்டது. நான், நான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான் ஃபோன் பக்கம் குனிந்தேன்.

“இருக்கா சார். எங்க நாத்தனார் மக. பி.காம். முடிச்சிட்டா, கம்ப்யூட்டர் தெரியும், இங்கிலீஷ் நல்லாப் பேசுவா.”

“பேஷ். நாளைக்கே அனுப்பி வை.”

“ஒண்ணே ஒண்ணு சார். அவளுக்குத் தமிழ் தெரியாது. இங்கயே பொறந்து வளந்தவ, இந்திதான்.”

“சுத்தமாத் தெரியாதா?”

“சுத்தமாத் தெரியாது.”

“அப்போ வேண்டாம்மா. சரிப்பட்டு வராது.”

“கஸ்டம்ஸ் பேப்பர்ல தமிழ் எங்க சார் இருக்கு?”

“அதுக்கில்லை. நாம ஒண்ணு சொன்னாப் புரிஞ்சுக்கணுமோல்லியோ. வேற யாராவது இருந்தாச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

“எனக்கா தமிழ் தெரியாது?” நாத்தனார் மகள் கத்தினாள். “ஏன் அத்தை அப்பிடிச் சொன்னீங்க?” மாவுக் கையோடு உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கதவு சாத்திய கதை, சாரி போட்ட கதை, மூன்றாவது நாற்காலி, எல்லாம். கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, “உங்களுக்குப் பேசத் தெரியல அத்தை, அதான் போச்சு. உங்களுக்கு இல்லாத சீட்டு எனக்கு வந்துரக் கூடாதுன்னு நெனைக்கீங்க” என்றாள். பெற்ற மகள் மாதிரி நினைத்தவள். என் உள்ளங்கையில் மாவு காய்ந்து வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணுக்குத் திரும்புவதற்கு முன்னால் என் ஃபோனிலிருந்து அவர் நம்பரை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அத்தை சும்மா சொன்னாங்க சார், எனக்குத் தமிழ் நல்லாத் தெரியும் என்று அவளே பேசியிருக்கிறாள். அந்த வாரமே வேலை கிடைத்துவிட்டது. என் மேஜை, என் நாற்காலி. நாத்தனார் என்னோடு பேச்சை விட்டுவிட்டாள். தம்பியான என் வீட்டுக்காரரோடு மட்டும் ஃபோனில் பேசுகிறாள்.

போன வாரம் அப்படி ஒரு ஃபோன் வந்தது. வைத்த பிறகு என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டேன். அக்கா மகளைப் பற்றித்தான், என்றார். ஆபீசில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டதாம். மேனேஜர் தங்கமான மனுஷராம். மற்றவர்களிடம் வெடுக் வெடுக்கென்று இங்கிலீஷில் பேசுகிறவர், அவளைத் தனியாகக் கூப்பிட்டால் மட்டும் தமிழில்தான் பேசுகிறாராம்.